பதின்மூன்று வருட இடைவெளிக்குப் பிறகு வேலை: சேலத்தில் அரசுப் பயிற்சி எங்கே, எதை எடுப்பது?

கேள்வி கேட்டவர் ஓமலூர் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார். வயது 38. பி.காம். முடித்து, சேலத்தில் ஓர் ஆடிட்டரிடம் மூன்று வருடம் வேலை பார்த்தவர். 2012-இல் முதல் குழந்தைக்காக வேலையை விட்டார். கணவர் லாரி ஓட்டுநர். மாதத்தில் பாதி நாள் வெளியூர். இரண்டு பிள்ளைகளும் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள், பெரியவள் எட்டாவது, சின்னவன் நான்காவது. வீட்டில் மாமியார் இருக்கிறார். அவர் கேட்பது: "என்னைப் போல வீட்டில் இருந்துவிட்டுத் திரும்ப வேலைக்குப் போகிறவர்களுக்கு அரசு பயிற்சி தருகிறதா? இந்த வயதில் சேர்த்துக்கொள்வார்களா? எல்லோரும் தையல் கற்றுக்கொள் என்கிறார்களே, அதுதான் சரியா? வேலைக்குப் போனால் மாதம் வரும் மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் நின்றுவிடுமா?" ஏற்காட்டில் இருக்கும் தன் அக்காவுக்கும் சேர்த்துக் கேட்டிருக்கிறார். அக்கா எட்டாவது வரை படித்தவர், மிளகும் காப்பித்தூளும் பாக்கெட் போட்டு விற்க ஆசைப்படுகிறார்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். "இல்லத்தரசிகள் வேலைக்குத் திரும்பும் திட்டம்" என்று பெயர்ப்பலகை போட்ட ஒரே அலுவலகம் எதுவும் சேலத்தில் இல்லை. உதவி இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் அது மகளிர் திட்டம், வங்கி, வேலைவாய்ப்பு அலுவலகம், தொழில் மையம், வேளாண் பல்கலைக்கழகம் என்று தனித்தனி இடங்களில் கிடக்கிறது. அதனால்தான் பலர் ஓர் அலுவலகத்தில் "இங்கே இல்லைம்மா" என்று சொன்னதும் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அடுத்த வாசலில் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்.

இரண்டாவது, இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: எந்தப் பயிற்சி இலவசம் என்று தேடிக்கொண்டு தொடங்காதீர்கள். பயிற்சி முடிந்த மறுமாதம் யார் உங்களுக்குச் சம்பளம் தருவார், அல்லது யார் உங்கள் பொருளை வாங்குவார் என்று முதலில் பாருங்கள். அந்த இடத்திலிருந்து பின்னோக்கி வந்து பயிற்சியைத் தேர்ந்தெடுங்கள். கணக்குப் பயிற்சி வகுப்புகளில் பாடம் எடுக்கிற நான், பீரோவில் நாலைந்து சான்றிதழ்கள் வைத்திருந்தும் ஒரு வேலையும் இல்லாத பெண்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவர்கள் யாரும் சோம்பேறிகள் அல்லர். இலவசமாகக் கிடைத்த பயிற்சியில் சேர்ந்தார்கள், அவ்வளவுதான்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். கணக்கு உங்களுக்குத் தெரியும். நீங்கள் வீட்டில் இருந்த காலத்தில் கணக்கு வேலை எங்கே மாறியது என்பதுதான் கேள்வி. நீங்கள் விட்டபோது தமிழ்நாட்டில் வாட் (மதிப்புக் கூட்டு வரி) இருந்தது. 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி, அதாவது சரக்கு மற்றும் சேவை வரி. 2018 ஏப்ரலில் இ-வே பில், அதாவது சரக்கு ஏற்றிப் போக இணையத்தில் எடுக்கும் சீட்டு, வந்தது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸும் (அரசுத் தளத்தில் பதிந்து எடுக்கும் விற்பனை பில்) கட்டாயம். கணக்கு மென்பொருளில் நீங்கள் பழகிய டேலி ஈஆர்பி 9 போய் டேலி பிரைம் வந்திருக்கிறது. பற்று வரவு மாறவில்லை, வங்கிச் சரிபார்ப்பு மாறவில்லை, பேரேடு மாறவில்லை. ஆக, உங்களுக்கு வேண்டியது ஜிஎஸ்டியும் டேலி பிரைமும் சேர்ந்த ஒரு குறுகிய பயிற்சி. பி.காம். படிக்காத ஒருவருக்கு ஒரு வருடம் ஆகிற இடத்தை நீங்கள் ஒன்றிரண்டு மாதத்தில் எட்டிவிடலாம்.

இந்த ஊரில் அதற்கு வேலையும் இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளும் கடைகளும், லீ பஜாரில் மொத்த வியாபாரம், ஆத்தூர் வரைக்கும் ஜவ்வரிசி ஆலைகள், சங்ககிரியில் லாரி அலுவலகங்கள், தாரமங்கலம் பக்கம் நெசவு. ஜிஎஸ்டி பதிவு பெற்றவர்கள் எல்லோரும் மாதாமாதமோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ ரிட்டர்ன், அதாவது வரிக் கணக்கு அறிக்கை, போட்டாக வேண்டும். முழுநேரக் கணக்காளர் வைக்க முடியாத சின்ன வியாபாரிகள், வாரத்தில் இரண்டு நாள் வந்து பில் பதிந்து கொடுக்க ஓர் ஆளைத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். பிள்ளைகள் பள்ளி போய்வரும் நேரத்துக்குள் முடிகிற வேலை இது. உங்கள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர் என்பதால் இ-வே பில் என்றால் என்னவென்று உங்களுக்கு விளக்கவே வேண்டாம். அதைத் தயார் செய்கிற பக்கத்தில் நீங்கள் உட்காரப் போகிறீர்கள்.

பயிற்சி எங்கே? கிராமத்தில் இருப்பதால் உங்களுக்கு முதல் வாசல் ஆர்செட்டி, அதாவது ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம். மாவட்டத்தின் முன்னோடி வங்கிதான் இதை நடத்தும். சேலத்தில் அது இந்தியன் வங்கி. பயிற்சி இலவசம், சாப்பாடு இலவசம், தங்கிப் படிக்கவும் இடம் உண்டு. கிராமப்புற ஏழைக் குடும்பங்களுக்கு முன்னுரிமை. 38 வயது அங்கே ஒரு தடையே இல்லை. கணினிக் கணக்கியல், தையல், அழகுக்கலை, காளான், உணவு பதப்படுத்துதல் என்று தொகுதி தொகுதியாக நடக்கும். வெறுமனே "பயிற்சி இருக்கா?" என்று கேட்காதீர்கள். "கணினிக் கணக்கியல் தொகுதி அடுத்து எப்போது தொடங்குகிறது, என் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பயிற்சி முடிந்தபின் இரண்டு வருடம் வரை அவர்கள் உங்களைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்பது அந்த அமைப்பின் விதியிலேயே இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. கடனுக்கு வங்கியில் இழுத்தடித்தால் ஆர்செட்டிக்கே திரும்பிப் போய்ச் சொல்லலாம், அதைக் கேட்பது அவர்கள் வேலை.

இன்னொரு வாசல், கிராமத்து இளைஞர்களுக்கான மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டமான தீனதயாள் உபாத்யாயா கிராமின் கௌசல்ய யோஜனா. பெயர் நீளம், மகளிர் திட்ட அலுவலகத்தில் டிடியுஜிகேஒய் என்றால் புரியும். பொதுவாக 15 முதல் 35 வயது வரை, ஆனால் பெண்களுக்கு 45 வரை சேரலாம். பயிற்சியோடு வேலையும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஆனால் கிடைக்கிற வேலை ஓசூரிலோ திருப்பூரிலோ சென்னையிலோ இருக்கலாம். கல்யாணமாகாத பெண்ணுக்கு அது வாய்ப்பு. எட்டாவது படிக்கும் மகளும் நான்காவது படிக்கும் மகனும் இருக்கும் உங்களுக்கு அப்படி அல்ல. சேருவதற்கு முன்பே "வேலை எந்த ஊரில், எந்த ஷிப்டு?" என்று கேளுங்கள். சேலத்துக்குள்ளேயே வேலை என்றால் மட்டும் யோசியுங்கள்.

மூன்றாவது வாசல் உங்கள் ஊராட்சியிலேயே இருக்கிறது, மகளிர் சுய உதவிக் குழு. நம் பகுதிக்கு இதில் ஒரு பழைய உறவு உண்டு. தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989-இல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கின. அடுத்த கட்டமாக வந்த மாவட்டங்களில் சேலம் ஒன்று. நீங்கள் இன்னும் எந்தக் குழுவிலும் இல்லையென்றால் சேருங்கள். கடனுக்காக மட்டும் சொல்லவில்லை. ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகளுக்குக் கணக்கு எழுத ஆள் வேண்டும், பெரும்பாலும் குழு உறுப்பினர்களிலிருந்துதான் எடுப்பார்கள். பி.காம். படித்து ஆடிட்டரிடம் வேலை பார்த்த ஒருவர் அந்த ஊராட்சியில் எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்? மதிப்பூதியம் பெரிதாக இருக்காது. ஆனால் இடைவெளிக்குப் பிறகு "இப்போது வேலையில் இருக்கிறேன்" என்று சொல்ல முடிவது அடுத்த வேலைக்குப் பெரிய பலம். நேர்காணலில் 2012-ஐப் பற்றிப் பேச வேண்டியதில்லை, போன மாதத்தைப் பற்றிப் பேசலாம்.

வயதைப் பற்றிய உங்கள் பயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பெண்கள் தாமாகவே மூடிக்கொள்ளும் கதவுகளில் இது முக்கியமானது. அரசு ஐ.டி.ஐ.களில் ஆண்களுக்கு 40 வயது வரை என்று வரம்பு உண்டு. பெண்களுக்கு உச்ச வயது வரம்பே கிடையாது. எட்டாவது தேறியவர் சில தொழிற்பிரிவுகளிலும், பத்தாவது தேறியவர் கணினி இயக்குபவர் போன்ற ஒரு வருடப் பிரிவுகளிலும் சேரலாம். மாத உதவித்தொகை, பாடப்புத்தகம், பஸ் பாஸ் எல்லாம் உண்டு. உங்களுக்கு இது தேவைப்படாது. ஆனால் இந்த பதிலைப் படிக்கிற, பத்தாவதோடு கல்யாணமாகிப் போன யாராவது ஒருவருக்கு இது தெரிய வேண்டும்.

அதேபோல் டி.என்.பி.எஸ்.சி. "முப்பத்தெட்டு ஆகிவிட்டது, இனிமேல் குரூப் 4 எப்படி" என்று கேட்பவர்கள் அதிகம். பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, ஆதிதிராவிடர், பழங்குடி வகுப்புகளைச் சேர்ந்தவர்களுக்கும், எல்லா வகுப்பையும் சேர்ந்த ஆதரவற்ற விதவைகளுக்கும், பத்தாவதுக்கு மேல் படித்திருந்தால் இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்ற பதவிகளுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. கிராம நிர்வாக அலுவலர் போன்ற சில பதவிகளுக்குத் தனி வரம்பு. பெண்களுக்கு இட ஒதுக்கீடும் உண்டு. கோரிமேட்டில் இருக்கும் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவசப் பயிற்சி வகுப்புகள் நடக்கும். கல்லூரி முடித்ததும் பதிந்த உங்கள் வேலைவாய்ப்பு அட்டையையும் எடுத்துப் பாருங்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் பதிவு காலாவதியாகிவிடும். அப்படி ஆகியிருந்தால் இணையத்தில் புதிதாகப் பதிந்துவிடுங்கள். அந்த அலுவலகம் நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களுக்கும் போய் வாருங்கள். முதல் முறை வேலை கிடைக்காவிட்டாலும், எந்த நிறுவனம் என்ன கேட்கிறது என்று தெரியும்.

தையல். இதைப் பற்றிக் கொஞ்சம் வெளிப்படையாகவே சொல்ல வேண்டும். தையல் நல்ல தொழில். அதிலேயே பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார்களை எனக்குத் தெரியும். கணவரை இழந்தவர்களுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் சமூக நலத்துறை இலவசத் தையல் இயந்திரம் தருகிறது, அது அவர்களுக்குப் பெரிய துணை. ஆனால் "பொம்பளைக்குத் தையல்" என்று எல்லோருக்கும் ஒரே மருந்தாக அதைக் கொடுப்பது சரியில்லை. ஒரே தெருவில் பத்துப் பேர் ரவிக்கை தைத்தால் தையற்கூலி இறங்கத்தான் செய்யும். உங்களுக்குத் துணியின் மேல் உண்மையான ஆசை இருந்தால் போங்கள். இல்லையென்றால், மூன்று வருடம் ஆடிட்டரிடம் கற்றதை ஓரமாக வைத்துவிட்டு முதல் வகுப்பிலிருந்து ஏன் தொடங்க வேண்டும்? பக்கத்து வீட்டார் சொல்வது அக்கறையில்தான். அவர்களுக்குத் தெரிந்த பயிற்சி அது ஒன்றுதான்.

இப்போது உங்கள் அக்கா. ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி தினமும் சேலத்தில் வகுப்புக்கு வந்துபோவது நடக்கிற காரியமில்லை. ஆர்செட்டியில் தங்கிப் படிக்கலாம் என்பது மலையில் இருக்கும் பெண்களுக்குத்தான் அதிகம் உதவும். வீட்டை இரண்டு வாரம் விட்டுவர முடியாது என்றால், சந்தியூரில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கச் சொல்லுங்கள். வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவது அது. மதிப்புக்கூட்டல் பயிற்சிகள் ஓரிரு நாளில் முடிந்துவிடும். ஏற்காட்டிலேயே பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மிளகை எந்த ஈரப்பதத்தில் காயவைத்து எடுப்பது, பூசணம் பிடிக்காமல் எப்படி வைப்பது என்பதையெல்லாம் அங்கே விசாரிக்கலாம்.

அக்கா செய்ய வேண்டிய அடுத்த வேலை உணவுப் பாதுகாப்புப் பதிவு. ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் உரிமம் வேண்டாம், பதிவு போதும், வருடத்துக்கு 100 ரூபாய். அந்த எண் இல்லாமல் சுற்றுலாப் பயணிகளுக்குக் கடையில் வைத்து விற்க முடியாது. அவர் குழுவில் இருந்தால், பிரதம மந்திரி உணவுப் பதப்படுத்தும் குறு நிறுவனங்கள் திட்டத்தில் உறுப்பினர் ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க நிதி குழு வழியாக வரலாம். காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரம் வாங்கும் அளவுக்கு வளர்ந்தால் அதே திட்டத்தில் 35 சதவீத மானியம், உச்சவரம்பு 10 லட்சம். எட்டாவது படிப்பு இதற்கெல்லாம் போதும்.

பெரிய கடன் வேண்டும் என்றால் மாவட்டத் தொழில் மையம். மாநில அரசின் வேலையில்லா இளைஞர் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தின் பெயரில் "இளைஞர்" இருப்பதால் பெண்கள் எட்டிப் பார்ப்பதே இல்லை. உண்மையில் பெண்களுக்கு 55 வயது வரை இடமுண்டு. 15 லட்சம் வரையிலான திட்டங்களுக்கு 25 சதவீத மானியம், கைப்பணம் 5 சதவீதம் போட்டால் போதும். மத்திய அரசின் பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமத்துப் பெண்களுக்கு 35 சதவீதம் மானியம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: இந்த மத்தியத் திட்டம் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்குத்தான். இயந்திரத்தை வாங்கி ஓட்ட ஆரம்பித்துவிட்டு அப்புறம் மானியம் கேட்டால் கிடைக்காது. முதலில் விண்ணப்பம், பிறகு இயந்திரம்.

பயிற்சி என்ற பெயர் இல்லாத உதவிகளையும் கணக்கில் சேருங்கள், வீட்டை விட்டுக் கிளம்ப முடிவது அவற்றால்தான். நான்காவது படிக்கும் மகனுக்குப் பள்ளியிலேயே காலை உணவு கிடைக்கிறது. காலை ஏழு மணிக்கு அடுப்படியில் நிற்கும் நேரத்தில் ஒரு பகுதி மிச்சம். டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணமில்லை. ஓமலூரிலிருந்து சேலம் வந்துபோகும் செலவை மாதக் கணக்கில் போட்டுப் பார்த்தால் சின்னச் சம்பளத்துக்கு அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று தெரியும். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் பெரிய நிறுவனத்தில் சேரும்போது குழந்தைகள் காப்பகம் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். 50 பேர், அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் காப்பக வசதி இருக்க வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள்.

மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் பற்றி: பயிற்சியில் சேர்வதால் அது நிற்காது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. உங்கள் சம்பளமும் கணவர் சம்பளமும் சேர்ந்து அதைத் தாண்டினால் தகுதி போகும். அந்தப் பயத்தில் வேலையை விடாதீர்கள் என்று ஒரு அக்காவாகச் சொல்கிறேன். அந்தத் தொகை வீட்டில் இருந்து உழைத்த உங்களுக்கு அரசு தந்த மரியாதை. உங்கள் பெயரில் சம்பளம் வரும் வங்கிக் கணக்கு அதைவிடப் பெரிது.

சான்றிதழ்களில் ஒரு சிக்கல் பெரும்பாலும் எல்லோருக்கும் வரும். மதிப்பெண் பட்டியலில் அப்பாவின் முதலெழுத்து, ஆதாரில் கணவரின் முதலெழுத்து. பயிற்சிச் சான்றிதழ் ஆதாரில் உள்ளபடி வந்துவிடும், பட்டம் வேறு பெயரில் இருக்கும், வேலைக்குப் போகிற இடத்தில் "இது யார்?" என்பார்கள். பட்டத்தை மாற்ற முயற்சி செய்யாதீர்கள். திருமணப் பதிவுச் சான்றிதழ் ஒன்று கையில் இருந்தால் இரண்டையும் இணைத்துக் காட்டிவிடலாம். பதிவு செய்யவில்லை என்றால் இப்போதே செய்துகொள்ளுங்கள். பழைய ஆடிட்டர் இன்னும் அலுவலகம் நடத்துகிறார் என்றால் போய் ஓர் அனுபவச் சான்றும் வாங்குங்கள். அப்படியே அங்கே இடம் இருக்கிறதா என்றும் கேட்டுவிடலாம்.

அரசுப் பயிற்சி என்று சொல்லிப் பணம் கேட்டால், "பதிவுக்கு மட்டும்" என்று 500 ரூபாய் கேட்டாலும், சேராதீர்கள். "வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, முன்பணம் கட்டுங்கள்" என்று வாட்ஸப்பில் வருவது முழுக்க மோசடி. வேலைக்குத் திரும்ப நினைக்கும் பெண்களைக் குறிவைத்துத்தான் அதை அனுப்புகிறார்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும். தாமதிக்கத் தாமதிக்க மீட்பது கடினம்.

மாமியார் வீட்டில் இருக்கிறார் என்பதற்கு மேல் நீங்கள் எதுவும் எழுதவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பயிற்சி தொடங்கும் முன்பே வீட்டு வேலைகளைப் பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள். எட்டாவது படிக்கும் மகள் மேல் எல்லாவற்றையும் தூக்கி வைத்துவிடாதீர்கள், அவளுக்குப் படிப்பு இருக்கிறது. கணவர் ஊரில் இருக்கும் நாட்களில் அவருக்கும் பங்கு உண்டு. இந்தப் பேச்சைத் தள்ளிப் போட்டவர்கள்தான் என் வகுப்புகளில் இரண்டாவது வாரத்தில் நின்றுபோகிறார்கள். பாடம் புரியாமல் நின்றவர் அவர்களில் மிகக் குறைவு.

உங்கள் வரிசை என் கணக்குப்படி இப்படி இருக்கட்டும். இந்த வாரம் ஆர்செட்டியில் பெயர் பதிவு, வேலைவாய்ப்புப் பதிவு, குழுவில் சேருவது. தொகுதி தொடங்கும் வரை சும்மா இருக்க வேண்டாம். ஜிஎஸ்டி இணையதளத்திலேயே ஒவ்வொரு படிவத்துக்கும் விளக்கம் இருக்கிறது, ஜிஎஸ்டிஆர் 1 (விற்பனை ரிட்டர்ன்), 3பி (வரி கட்டும் ரிட்டர்ன்) இரண்டையும் படித்து வையுங்கள். பயிற்சி முடிந்ததும் ஆடிட்டர் அலுவலகங்களில் நேரில் போய்க் கேளுங்கள், ஆனால் மாதத்தின் 20-ஆம் தேதி கழிந்த பிறகு போங்கள். மாதாமாதம் போடுகிறவர்களுக்கு விற்பனை ரிட்டர்னுக்கு 11, வரி கட்டும் ரிட்டர்னுக்கு 20 என்று கடைசித் தேதிகள் இருப்பதால், அதற்கு முன்னால் உட்கார வைத்துப் பேச அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. 25-ஆம் தேதி வாக்கில் போனால் டீ வாங்கிக் கொடுத்துப் பேசுவார்கள். அடுத்த மாத ரிட்டர்னுக்கு ஆள் வேண்டும் என்ற கவலையும் அப்போதுதான் அவர்களுக்குப் புதிதாக இருக்கும்.